மெயிலில் குப்பை: நிறுத்துவதா, ஒதுக்குவதா, முகவரியையே மாற்றுவதா?

கோத்தகிரியில் நான் நடத்தும் கடையில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், டிக்கெட் எல்லாம் உண்டு. கொஞ்ச நாளாக இந்த வேலைகளுக்கு வருகிறவர்கள், வந்த வேலை முடிந்ததும் போனை நீட்டி இன்னொன்றும் கேட்கிறார்கள்: "மெயிலைத் திறந்தாலே விளம்பரமா இருக்கு. என்னதான் பண்றது?"

மூன்று பேர் கேட்டது மனதில் நிற்கிறது. கீழ் கோத்தகிரிப் பக்கம் ஹோம்ஸ்டே நடத்தும் அக்கா ஒருவர். மே மாத சீசனில் ஒரு குடும்பம் அறையை ரத்து செய்து அனுப்பிய மெயில், தள்ளுபடி விளம்பரங்களுக்கு நடுவே இரண்டு நாள் கிடந்திருக்கிறது. கேட்டு வந்த மூன்று பேரை "ரூம் இல்லீங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டு, காலி அறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்தவர் நெடுகுளாவில் சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற பெரியவர். "புது ஐடி போட்டுக் குடு தம்பி, பழசு கிடக்கட்டும்" என்றார். மூன்றாவது, டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் தம்பி. "சுத்தம் பண்ற ஆப் இருக்காமே அண்ணா, போட்டுடட்டுமா?"

மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை. ஒருவருக்குப் பொருந்தும் வழி இன்னொருவருக்கு நட்டத்தைக் கொண்டுவரும். அதனால் இருக்கும் வழிகளை எல்லாம் வரிசையாக வைத்து எடை போட்டுப் பார்க்கிறேன். பெரும்பாலோர் வைத்திருப்பது ஜிமெயில் என்பதால் அதை வைத்தே எழுதுகிறேன்.

## வேண்டாத மெயில் மூன்று வகை

எந்த வழி என்று யோசிக்கும் முன்னால், எந்தக் குப்பை என்று பார்க்க வேண்டும்.

முதல் வகை, நாமே வரவழைத்தது. ஒரு தடவை துணி வாங்கியிருப்போம், ஒரு தடவை பஸ் டிக்கெட் போட்டிருப்போம், வேலைக்கான தளத்தில் பெயர் பதிந்திருப்போம். விண்ணப்பத்தின் அடியில் ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருக்கும் சின்னப் பெட்டியைக் கவனிக்காமல் கடந்திருப்போம். அனுப்புகிறவர் உண்மையான கடைக்காரர்தான், ஆனால் நிறுத்தத் தெரியாதவர். கடையில் நான் பார்க்கும் பெட்டிகளில் பெரும்பங்கு இந்த வகைதான்.

இரண்டாம் வகை, நாம் கேள்விப்பட்டே இராதவர்கள் அனுப்புவது. முகவரி எங்கிருந்தோ கசிந்திருக்கும் அல்லது கைமாறியிருக்கும்.

மூன்றாம் வகை மோசடி. "கணக்கு முடக்கப்படும்", "பார்சல் நிற்கிறது", "வரிப் பணம் திரும்ப வருகிறது" என்று பயமோ ஆசையோ காட்டும். நம் மலைக்கு ஏற்ற ஓர் உதாரணம் சொல்கிறேன். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. இ-பாஸுக்கு என்று மெயிலில் யாராவது காசு கேட்டால் அது மோசடி. விருந்தினருக்கும் சொல்லி வையுங்கள்.

முதல் வகைக்கான மருந்தை மூன்றாம் வகைக்குக் கொடுத்தால் நோய் கூடும். கீழே ஒவ்வொரு வழியிலும் இந்தப் பிரிவு திரும்பத் திரும்ப வரும்.

## எதை வைத்து எடை போடுகிறேன்

என் முதல் அளவுகோல், வர வேண்டிய மெயில் தவறாமல் கண்ணில் படுமா என்பது. பெட்டி எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பதை நான் அளவாகவே எடுக்கவில்லை. ஆயிரம் விளம்பரம் கிடந்தாலும் வங்கி மெயில் கண்ணில் பட்டால் நட்டமில்லை. பெட்டி பளிச்சென்று இருந்து, வருமான வரித் துறையின் கடிதம் ஸ்பேம் என்ற ஒதுக்குப் பெட்டியில் கிடந்தால் நட்டம்.

இரண்டாவது நேரம். முதல் நாள் எவ்வளவு, அதன் பிறகு வாரத்துக்கு எவ்வளவு என்று இரண்டையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, போனிலேயே செய்ய முடியுமா. நம் பக்கம் பல வீடுகளில் கம்ப்யூட்டர் இல்லை. ஐப்பசி மழையில் குஞ்சப்பனை ரோட்டில் மரம் விழுந்தால் கரண்டும் சிக்னலும் சேர்ந்தே போகும். ஒரு புள்ளி சிக்னலில் படம் படமாக விளம்பரம் இறங்குவதற்குள் தேவையான ஒரு மெயில் இறங்காமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

நான்காவது, நம் கடிதங்களை வேறு யார் படிப்பார்கள். ஐந்தாவது, செய்தது தப்பென்று தெரிந்தால் திரும்ப எடுக்க முடியுமா.

பணத்தைக் கடைசியில் வைக்கிறேன். இந்த வழிகளில் பெரும்பாலானவை இலவசம். செலவு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது.

## வழி 1: அன்சப்ஸ்கிரைப்

அனுப்புகிறவரிடமே "போதும், இனி அனுப்பாதே" என்று சொல்வது. குப்பை வந்த பிறகு ஒதுக்குவதைவிட வராமலே செய்வது மேல் என்பதால் இதைத்தான் முதலில் வைக்கிறேன்.

முன்பெல்லாம் மெயிலின் அடியில், கண்ணுக்கே தெரியாத சாம்பல் எழுத்தில் அந்தச் சொல் இருக்கும். தொட்டால் வேறொரு பக்கம், அதில் பத்துக் கேள்வி. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் பிடியை இறுக்கின. ஒரே நாளில் 5,000-க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு விளம்பரம் அனுப்புகிறவர்கள், ஒரே தொடலில் விலகும் வசதி தர வேண்டும்; இரண்டு நாளுக்குள் நிறுத்தவும் வேண்டும். அதனால்தான் இப்போது ஜிமெயிலில் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்திலேயே 'அன்சப்ஸ்கிரைப்' தெரிகிறது. 2025 ஜூலையில் 'மேனேஜ் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' என்ற பக்கமும் வந்தது. இடது ஓரத்தில் மூன்று கோடு இருக்கும் மெனுவில் இருக்கிறது. யார் அதிகம் அனுப்புகிறார்களோ அவர்கள் மேலே என்ற வரிசையில் பட்டியல் கிடைக்கும். போனிலேயே முடிந்துவிடும். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் இருபது கடைகளை நிறுத்திவிடலாம். நான் செய்து காட்டியிருக்கிறேன்.

மறைந்த செலவு இரண்டு. ஒன்று, இது முதல் வகைக்கு மட்டும்தான். முன்பின் தெரியாதவர் அனுப்பிய மெயிலின் உள்ளே இருக்கும் இணைப்பைத் தொட்டால், "இந்த முகவரியில் ஆள் இருக்கிறார்" என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகிவிடும். விலகுவதற்குப் பாஸ்வேர்டு கேட்டால் அந்தப் பக்கத்தை அப்போதே மூடுங்கள்.

இரண்டாவது செலவு, வேண்டியதும் சேர்ந்து நின்றுபோவது. ஹோம்ஸ்டே அக்கா போன்றவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். அறை முன்பதிவுத் தளங்கள் அனுப்பும் மெயிலில் விளம்பரம் தனி, முன்பதிவுத் தகவல் தனி. விலகும் பக்கத்தில் 'எல்லாவற்றையும் நிறுத்து' என்று ஒன்று பெரிதாக இருக்கும். அதைத் தொடாமல், கீழே விவரமாக இருக்கும் பட்டியலில் விளம்பரத்துக்கு மட்டும் டிக்கை எடுக்க வேண்டும். வேலை தேடுகிறவர்களுக்கும் இதேதான்: முற்றிலும் விலகாமல் 'தினமும்' என்பதை 'வாரம் ஒருமுறை' என்று மாற்றினால் போதும்.

சட்டம் துணைக்கு வருமா என்று கேட்கிறார்கள். விளம்பரத் தொல்லை வேண்டாம் என்று 1909-க்குச் சொல்லி வைக்கும் டி.என்.டி. ஏற்பாடு அழைப்புக்கும் எஸ்.எம்.எஸ்ஸுக்கும் மட்டும்தான், மெயிலுக்கு இல்லை. அமெரிக்காவில் 2003-லேயே விளம்பர மெயிலுக்கென்று சட்டம் வந்தது. விலகச் சொன்னால் பத்து வேலை நாளுக்குள் நிறுத்த வேண்டும் என்கிறது. நம் நாட்டில் மெயிலுக்கென்று அப்படித் தனிச் சட்டம் கிடையாது. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

யாருக்கு நல்லது: எல்லோருக்கும், முதல் வகைக் குப்பைக்கு.

## வழி 2: ஸ்பேம் என்று புகார், பிளாக்

இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். 'ரிப்போர்ட் ஸ்பேம்' என்பது ஜிமெயிலுக்குச் சொல்லிக் கொடுப்பது. இந்த மாதிரி மெயில்கள் அடுத்து வரும்போது அது தானாக ஒதுக்கப் பார்க்கும். பிளாக் என்பது அந்த ஒரு முகவரியை மட்டும் ஸ்பேமுக்குத் தள்ளுவது. மோசடிக்காரர் ஒவ்வொரு தடவையும் புது முகவரியிலிருந்து வருவதால் அவரை பிளாக் செய்து பயனில்லை, புகார்தான் சரி. விலகச் சொல்லியும் கேட்காத கடைக்கு பிளாக் சரி.

கடையில் நான் அடிக்கடி பார்க்கும் தப்பு ஒன்று. வங்கி கடன் விளம்பரம் அனுப்பியது என்று எரிச்சலில் ஸ்பேம் என்று குறிக்கிறார்கள். அதே வங்கியின் மாதக் கணக்குக் கடிதமும் அதன் பின்னால் ஸ்பேமுக்குப் போகத் தொடங்கலாம். ஸ்பேமில் விழுந்தது 30 நாளில் தானாக அழியும். இந்த வழியைப் பிடிக்கிறவர்கள் வாரம் ஒருமுறை ஸ்பேமைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். அந்த ஐந்து நிமிடம்தான் இதன் விலை.

மோசடி மெயிலை நம்பிப் பணம் போய்விட்டது என்றால் மெயிலை நோண்டிக்கொண்டிருக்காமல் முதலில் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை இடையில் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு.

## வழி 3: ஃபில்டரும் லேபிளும்

"இன்னாரிடமிருந்து வந்தால் இங்கே போடு, இந்தச் சொல் இருந்தால் அதைச் செய்" என்று பெட்டிக்கே உத்தரவு போட்டு வைப்பது ஃபில்டர்; மெயிலில் ஒட்டி வைக்கும் பெயர்ச்சீட்டு லேபிள். வழிகளில் சக்தி அதிகம் உள்ளது இது. கையைச் சுட்டுக்கொள்ள வாய்ப்பு அதிகம் உள்ளதும் இதுதான்.

நானே சுட்டுக்கொண்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரி முடித்த ஒரு தங்கையின் பெட்டியில், தலைப்பில் 'ஆஃபர்' என்ற ஆங்கிலச் சொல் இருந்தால் நேராக அழித்துவிடும்படி ஃபில்டர் போட்டுக் கொடுத்தேன். தள்ளுபடி விளம்பரம் எல்லாம் நின்றது, அவளுக்கும் சந்தோஷம். மூன்று வாரம் கழித்து, கோவையில் நேர்காணலுக்குப் போன நிறுவனத்திலிருந்து பதிலே வரவில்லை என்று முகம் வாடி வந்தாள். வேலை உத்தரவுக் கடிதத்தின் தலைப்பு 'ஆஃபர் லெட்டர்'. குப்பைத் தொட்டியில் கிடந்தது. அங்கேயும் 30 நாள்தான் தாங்கும். இன்னும் பத்து நாள் போயிருந்தால் அழிந்தே போயிருக்கும். நிறுவனத்துக்குப் போன் போட்டுப் பேசினோம்; நல்லவேளையாக இடம் காலியாகவே இருந்தது. அன்றிலிருந்து யாருக்கும் 'டிலீட்' என்ற உத்தரவோடு ஃபில்டர் போட்டுக் கொடுப்பதில்லை.

அந்த அனுபவத்துக்குப் பிறகு ஃபில்டரை நான் தலைகீழாகப் பயன்படுத்துகிறேன். நம் தோட்டங்களில் கொழுந்து பறிக்கிற அம்மாக்களைப் பாருங்கள். செடியில் இருக்கும் முற்றின இலையை எல்லாம் உருவி எறிந்துவிட்டு அப்புறம் கொழுந்தைத் தேடுவதில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் எங்கே என்று கை நேராக அங்கே போகிறது. மெயிலிலும் வேண்டாதவர் பட்டியலுக்கு முடிவே இல்லை; நாளைக்குப் புதிதாக ஒருவர் வருவார். தவறவே கூடாத அனுப்புநர்கள் என்று எழுதிப் பார்த்தால் எட்டோ பத்தோதான் தேறுவார்கள். வங்கி, வருமான வரித் துறை, இன்சூரன்ஸ், முன்பதிவுத் தளம், பிள்ளைகளின் கல்லூரி. அவர்களுக்கு மட்டும் ஃபில்டர் போடுங்கள். அதில் மூன்று டிக் வையுங்கள்: 'ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்பாதே', 'நட்சத்திரம் இடு', 'இந்த லேபிளை ஒட்டு'. லேபிளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். 'முக்கியம்' என்று நான் வைத்திருக்கிறேன். சிக்னல் மோசமான நாளில் அந்த லேபிளை மட்டும் திறந்தால் போதும்.

முகவரியைப் பார்த்து எழுதும்போது அனுப்புநரின் பெயரை நம்பாதீர்கள். பெயரை யாரும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம். '@' குறிக்குப் பின்னால் வரும் பகுதியை, பழைய உண்மையான மெயிலிலிருந்து எடுத்து இடுங்கள்.

விளம்பரங்களையும் ஒதுக்கியே தீர வேண்டும் என்றால் 'இன்பாக்ஸைத் தவிர்' என்ற உத்தரவு போதும். மெயில் எங்கும் போகாது. லேபிளுக்குள் அமைதியாக இருக்கும்.

மறைந்த செலவுகள்: ஜிமெயிலில் ஃபில்டரைப் போன் ஆப்பில் உருவாக்க முடியாது, கம்ப்யூட்டர் வேண்டும், இல்லையென்றால் போன் பிரவுசரை 'டெஸ்க்டாப் சைட்' ஆக்கி கண்ணைச் சுருக்கிக்கொண்டு செய்ய வேண்டும். ஒரு தடவை போட்டுவிட்டால் போனிலும் அது வேலை செய்யும். இன்னொன்று, போட்டதை மறந்துவிடுவோம். இரண்டு ஆண்டு கழித்து "இவர் மெயில் ஏன் வருவதில்லை" என்று தேடும்போது ஃபில்டர் நினைவுக்கு வராது. போட்ட ஃபில்டர்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

ஜிமெயிலுக்குப் பதில் மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் மெயில் வைத்திருப்பவர்களுக்கு 'ஸ்வீப்' என்று ஒன்று உண்டு. ஒரு கடையின் மெயில்களில் கடைசியாக வந்ததை மட்டும் வைத்துக்கொள், அல்லது பத்து நாளுக்கு மேலானதை அழி என்று சொல்லலாம். ஜிமெயில் ஃபில்டரில் இப்படி நாள் கணக்கு வைக்க முடியாது.

யாருக்கு நல்லது: மெயில் தவறினால் பணமோ வாய்ப்போ போகும் நிலையில் இருப்பவர்களுக்கு.

## வழி 4: கடைகளுக்கென்று தனி முகவரி

வங்கி, அரசு, குடும்பம் ஆகியவற்றுக்கு ஒரு முகவரி. கடை, ஆப், இலவச வைஃபை எல்லாவற்றுக்கும் இன்னொன்று. இலவசம். ஒரே போனில் இரண்டையும் வைக்கலாம், இரண்டாவதற்கு அறிவிப்பு ஒலியை நிறுத்திவிடலாம்.

இது எதிர்காலத்துக்கான வழி. பழைய கடைகள் பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். அவர்களுக்கு வழி 1 வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒரு செலவு இதில் இருக்கிறது. இரண்டு ஆண்டு தொடாமல் விட்ட கணக்கைக் கூகுள் நீக்கலாம். 2023 டிசம்பரிலிருந்து அந்த விதி நடைமுறையில் இருக்கிறது. "கடை முகவரிதானே" என்று திறக்காமலே விட்டால், அந்த முகவரியில் வாங்கிய ஃபிரிட்ஜின் வாரண்டி ரசீதும் சேர்ந்து போகும். பொங்கலுக்கு ஒருமுறை, தீபாவளிக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். பாஸ்வேர்டை எழுதி வையுங்கள். மறந்துவிட்டு வருகிறவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

இதிலேயே சிறு கிளைகள் இரண்டு. ஜிமெயில் முகவரியில் '@' குறிக்கு முன்னால் ஒரு கூட்டல் குறியும் ஏதாவது ஒரு சொல்லும் சேர்த்துக் கொடுத்தால், மெயில் நம் பெட்டிக்கே வரும். துணிக்கடைக்கு ஒரு சொல், பஸ் டிக்கெட்டுக்கு ஒரு சொல் என்று வைத்தால், முகவரியை யார் கசியவிட்டார்கள் என்று தெரிந்துவிடும். ஆனால் பல தளங்கள் கூட்டல் குறியை ஏற்றுக்கொள்வதில்லை. அனுப்புகிறவர் அந்தச் சொல்லை வெட்டிவிட்டு அனுப்பவும் முடியும். முகவரியில் புள்ளி வைத்து வேறுபடுத்தலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஜிமெயில் புள்ளியைக் கணக்கிலேயே எடுப்பதில்லை, அதனால் பயனில்லை.

இன்னொரு கிளை, முகமூடி முகவரி: கடைக்குக் கொடுக்க ஒரு மாற்று முகவரி, அதற்கு வரும் மெயில் நம் பெட்டிக்கே திருப்பிவிடப்படும். டக்டக்கோ இலவசமாகத் தருகிறது. ஃபயர்ஃபாக்ஸ் ரிலே ஐந்து வரை இலவசம். ஐபோன்காரர்களுக்கு ஐகிளவுட் பிளஸ் சந்தாவில் 'ஹைட் மை ஈமெயில்' உண்டு. கடைக்காரருக்கு நம் உண்மை முகவரி தெரியாது, வேண்டாம் என்றால் அந்த முகமூடியை மட்டும் அணைத்துவிடலாம். இளைஞர்களுக்கு இதைச் சொல்கிறேன், பெரியவர்களுக்குச் சொல்வதில்லை. எந்தக் கடைக்கு எந்த முகமூடி என்பது மறந்துபோனால் அந்தக் கணக்கிலேயே நுழைய முடியாமல் போகும்.

## வழி 5: சுத்தம் செய்து தரும் ஆப்கள்

தேர்வுக்குப் படிக்கும் தம்பி கேட்டது இதைத்தான். வேகம் என்ற ஒரே அளவில் பார்த்தால் இதுவே முதல். ஆயிரக்கணக்கான மெயில்களை ஒரு தொடலில் கூட்டிவிடும்.

ஆனால் அதற்கு நாம் கொடுக்கும் அனுமதி எது என்று படித்துப் பார்க்க வேண்டும். "உங்கள் எல்லா மெயிலையும் படிக்க, அனுப்ப, அழிக்க" என்று இருக்கும். அந்தப் பெட்டியில்தான் வங்கிக் கணக்கு விவரம் இருக்கிறது, ஓ.டி.பி. வருகிறது, மற்றக் கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் இணைப்பும் வருகிறது. வீட்டு வாசலைக் கூட்ட வந்தவரிடம் பீரோ சாவியையும் கொடுப்பதுதான் இது.

நடக்காததைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை. அன்ரோல்.மீ என்ற இலவச சேவை, விலகுவதற்கு உதவுவதாகச் சொல்லிப் பலரின் பெட்டிக்குள் நுழைந்தது. அதன் தாய் நிறுவனம் அந்தப் பெட்டிகளில் இருந்த ரசீதுகளின் தகவலைப் பெயர் நீக்கி விற்றுவந்தது 2017-இல் வெளியே தெரிந்தது. தனிப்பட்ட மெயிலைத் தொட மாட்டோம் என்று சொல்லிப் பயனாளரை ஏமாற்றியதாக அமெரிக்காவின் வணிக ஆணையம் குற்றஞ்சாட்டி, 2019-இல் அது சமரசத்தில் முடிந்தது.

ஏற்கெனவே அனுமதி கொடுத்திருந்தால் கூகுள் கணக்கின் 'செக்யூரிட்டி' பகுதியில் வெளி ஆப்களுக்கான இணைப்புகள் என்று பட்டியல் இருக்கும், அங்கே நீக்கலாம். ஆப்பைப் போனிலிருந்து அழித்தால் மட்டும் அனுமதி போகாது. அது எடுத்துக்கொண்டு போனது திரும்பி வரவும் வராது.

வங்கியோ அரசோ எட்டிப் பார்க்காத, கடைகளுக்கு மட்டுமான பெட்டி என்றால் பயன்படுத்தலாம். அதற்கும் ஜிமெயிலின் சொந்தப் பட்டியலே போதும் என்பது என் கருத்து.

"பெட்டி நிறைந்துவிட்டது, அதனால்தான் ஆப் கேட்கிறேன்" என்கிறவர்களுக்கு ஒன்று. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் 15 ஜி.பி. விளம்பர மெயில் ஒவ்வொன்றும் மிகச் சிறியது. பத்தாயிரத்தை அழித்தாலும் பெரிதாக இடம் கிடைக்காது. இடத்தைத் தின்பது கல்யாண வீடியோவும் பெரிய இணைப்புகளும்தான். அவற்றை எடுத்தாலே மூச்சு விடலாம்.

## வழி 6: முகவரியையே மாற்றுவது

பெரியவர் கேட்டது. கேட்க எளிது, ஆறு வழிகளிலும் செலவு அதிகம் இதற்குத்தான்.

பழைய முகவரி எங்கெல்லாம் பதிந்திருக்கிறது என்று அவரோடு உட்கார்ந்து எழுதினோம். வங்கி இரண்டு, ஆதார், பான், வருமான வரித் தளம், ஓய்வூதியம், இன்சூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட், காஸ், பாஸ்டேக், மகனின் தொழில் பதிவு. பதினைந்தைத் தாண்டியது. ஒவ்வொன்றிலும் போய் மாற்ற வேண்டும். சிலவற்றுக்கு நேரில் போக வேண்டும். மகனோ மகளோ ஆரம்பித்துக் கொடுத்த கணக்கு என்றால் எதில் எந்த முகவரி என்பதே தெரியாது.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழையதை உடனே மூடாதீர்கள். புதியதற்குத் தானாகத் திருப்பிவிடும்படி வைத்து, இரண்டு ஆண்டாவது வைத்திருங்கள். இன்சூரன்ஸ் போல ஆண்டுக்கு ஒரே ஒரு கடிதம் அனுப்புகிறவர்கள் உண்டு. முதல் ஆண்டில் மறந்தவர்கள் இரண்டாம் ஆண்டில் பிடிபடுவார்கள்.

எப்போது இது சரி? வேறு யாரோ உள்ளே நுழைந்து, மீட்ட பிறகும் நம்பிக்கை வராதபோது. இரண்டாம் வகையும் மூன்றாம் வகையும் வெள்ளமாக வந்து, ஜிமெயிலின் தடுப்பையும் தாண்டும்போது. 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்ற தளத்தில் முகவரியை இட்டுப் பார்த்தால் எந்தெந்தக் கசிவில் அது வெளியே போயிருக்கிறது என்று சொல்லும். ஆஸ்திரேலியாவின் டிராய் ஹன்ட் 2013-இல் தொடங்கியது, இலவசம். ஒன்றிரண்டு கசிவில் பெயர் இருக்கிறது என்பதற்காக முகவரியை மாற்ற வேண்டாம். பாஸ்வேர்டை மாற்றி இரட்டைச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்பது) போட்டால் போதும்.

## ஒரே பார்வையில்

| வழி | முதல் நாள் நேரம் | அதன் பிறகு | போனிலேயே முடியுமா | முக்கிய மெயில் தவறும் ஆபத்து | மறைந்த செலவு |
|---|---|---|---|---|---|
| அன்சப்ஸ்கிரைப் | அரை மணி | வாரம் 5 நிமிடம் | முடியும் | குறைவு | 'எல்லாம் நிறுத்து' தொட்டால் முன்பதிவுத் தகவலும் நிற்கும் |
| ஸ்பேம் புகார், பிளாக் | எதுவும் இல்லை | வாரம் 5 நிமிடம் | முடியும் | நடுத்தரம் | வங்கிக் கடிதமும் சேர்ந்து ஒதுங்கலாம். 30 நாளில் அழியும் |
| ஃபில்டர் (வேண்டியவர்களுக்கு) | ஒரு மணி | ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்ப்பு | கம்ப்யூட்டர் வேண்டும் | மிகக் குறைவு | போட்டதை மறப்பது |
| ஃபில்டர் ('டிலீட்') | ஒரு மணி | அடிக்கடி | கம்ப்யூட்டர் வேண்டும் | அதிகம் | தெரியாமலே அழிவது |
| இரண்டாவது முகவரி | கால் மணி | ஆண்டுக்கு இருமுறை திறப்பது | முடியும் | குறைவு | இரண்டு ஆண்டு தொடாவிட்டால் கணக்கே போகலாம் |
| சுத்தம் செய்யும் ஆப் | 10 நிமிடம் | இல்லை | முடியும் | நடுத்தரம் | எல்லாக் கடிதமும் மூன்றாமவர் கையில் |
| புது முகவரி | பல நாள் | இரண்டு ஆண்டு இரண்டையும் பார்ப்பது | பாதிதான் | அதிகம் | பதினைந்து இடத்தில் மாற்ற வேண்டும் |

நேரக் கணக்கு என் கடையில் செய்து பார்த்த அனுபவத்தில் சொல்வது.

எந்த வழியை எடுத்தாலும் சேர்த்துச் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. ஜிமெயில் அமைப்பில் 'வெளிப் படங்களைக் காட்டும் முன் கேள்' என்று மாற்றிவிடுங்கள். விளம்பரப் படம் தானாக இறங்காது, டேட்டா மிச்சம். கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படத்தை வைத்து, நாம் மெயிலைத் திறந்தோமா என்று அனுப்புகிறவர் தெரிந்துகொள்வதும் நிற்கும்.

## அந்த மூவருக்கும் என்ன சொன்னேன்

ஹோம்ஸ்டே அக்காவுக்கு மூன்றாவது வழியை முதலில் செய்தோம். முன்பதிவுத் தளங்கள், வங்கி, வரி ஆகியவற்றுக்கு 'முக்கியம்' லேபிள். அந்த லேபிளுக்கு மட்டும் ஒலி, மற்ற மெயிலுக்கு இல்லை. ஆண்ட்ராய்டு போனில் லேபிளுக்குத் தனியாக ஒலி வைக்கலாம். அடுத்தபடியாக விளம்பரங்களை ஒவ்வொன்றாக விலக்கினோம். விருந்தினர் புதிய முகவரிகளிலிருந்து எழுதுவார்கள் என்பதால் அவர் எதையும் தானாக அழிக்கும்படி வைக்கவே கூடாது. ஸ்பேமையும் சீசனில் தினமும் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

தம்பிக்கு ஆப் வேண்டாம் என்றேன். வேலைத் தளங்களுக்கும் பயிற்சி மையங்களுக்கும் இரண்டாவது முகவரி. டி.என்.பி.எஸ்.சி. பதிவில் இருக்கும் முகவரியை மட்டும் அசைக்கவில்லை. அந்த முகவரியை இனி எந்தக் கடையிலும் கொடுக்க மாட்டேன் என்று அவனே சொன்னான்.

பெரியவர் பதினைந்து இடங்கள் கொண்ட அந்தப் பட்டியலைப் பார்த்ததும், "அப்ப பழசே இருக்கட்டும்" என்றார். அரை மணி நேரம் அவரையே தொடச் சொல்லி விலக்கினோம்; ஒவ்வொரு கடைப் பெயரையும் சத்தமாகப் படித்து, "இவன் யாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டார். பிறகு தவறக் கூடாதவர்கள் என்று ஒன்பது பேருக்கு ஃபில்டர் போட்டோம். போன வாரம் மார்க்கெட்டுக்கு வந்தவர் கடைக்கும் வந்தார். பெங்களூரில் படிக்கும் பேத்தி மாதம் ஒரு மெயில் எழுதுகிறாளாம். "அவ பேரையும் அந்த லிஸ்ட்ல சேத்துடு தம்பி" என்று, துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுவந்த முகவரியை மேஜையில் வைத்தார்.